கிணற்றடியும் ஒரு வகுப்பறை

மாம்புரிப் பிள்ளைகளின் சுற்றாடற் கல்வி பற்றிச் சில சிந்தனைகள்

கற்பிட்டிக் குடாநாடு ஒரு நீண்ட மணல் நிலம். மேற்கே இந்து சமுத்திரம். கிழக்கே புத்தளம் களப்பு. இந்த இரண்டு உப்பு நீர்களுக்கும் நடுவே, மணலுக்குக் கீழே தங்கியிருக்கும் நன்னீரை நம்பித்தான் இங்கு வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் புகையிலையும் விளைகின்றன. நுரைச்சோலைக்கு அயலிலுள்ள மாம்புரியும் அவ்வாறான ஒரு கிராமமே.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும் பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில்தான் வந்திறங்கினர். யுத்தத்தின் வெவ்வேறு கட்டங்களில் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் இம்மாவட்டத்தில் தஞ்சம் தேடின. ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய வாழ்க்கை, சிறு துண்டுக் காணி, கல்வீடு, கூலித் தோட்டம், குத்தகைத் தோட்டம் என்று மெல்ல மெல்ல வேரூன்றியது. 2009இல் யுத்தம் முடிந்தபின் சிலர் திரும்பிச் சென்றனர். சிலர் இங்கேயே தங்கினர். வேறு சிலர் ஒரு காலை அங்கும் ஒரு காலை இங்கும் வைத்து வாழ்கின்றனர். அன்று தாயின் இடுப்பில் வந்த குழந்தைகள் இன்று பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோர்.

இந்தக் கட்டுரையில் நாம் பேச விரும்புவது நிவாரணம் பற்றியோ காணி உறுதி பற்றியோ அல்ல. ஆரம்ப வகுப்புகளில் எமது பிள்ளைகள் கற்கும் ஒரு பாடத்தைப் பற்றி. அதன் பெயர் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்'. பெற்றோர் பலர் அதனைச் சித்திரம் வரைந்து இலை ஒட்டும் பாடம் என்றே எண்ணுகின்றனர். எமது கருத்தில், இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதைவிட முக்கியமான பாடம் வேறில்லை. அதைக் கற்பிப்பதில் பெற்றோருக்கு இருக்கும் பங்கும் வேறு எந்தப் பாடத்திலும் இல்லை.

எது எமது அயல்?

சுற்றாடற் கல்வி பிள்ளைக்கு அருகில் உள்ளதிலிருந்து தொடங்குகிறது. முதலில் வீடு, பின்னர் பாடசாலை, அதன்பின் அயல், கிராமம், மாவட்டம், நாடு என்று வட்டம் விரிகிறது. கல்வியியலாளர் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட நல்ல முறை இது.

ஆனால் இடம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு இங்கேயே ஒரு சிக்கல் எழுகிறது. 'எமது ஊர்' என்று ஒரு படம் வரையச் சொன்னால் எந்த ஊரை வரைவது? வீட்டில் பெரியவர்கள் 'ஊர்' என்று சொல்லும்போது அது மன்னாரையோ முசலியையோ யாழ்ப்பாணத்தையோ குறிக்கிறது. 'எங்கட ஊர்த் தண்ணி', 'எங்கட ஊர் மண்' என்று மூத்தம்மா சொல்லும் எதுவும் பிள்ளையின் கண்முன்னே இல்லை. கண்முன்னே இருப்பது மாம்புரி மணல். அதைப் பற்றி வீட்டில் எவரும் பெருமையாகப் பேசுவதில்லை. இவ்வாறு, பார்க்காத ஊரை நேசிக்கவும் பார்க்கும் ஊரைக் கவனியாது விடவும் பழகிப்போகிறது பிள்ளை.

நாம் வாழும் மண்ணை அறிந்துகொள்வது விட்டுவந்த மண்ணுக்குச் செய்யும் துரோகம் அல்ல. ஒரு நிலத்தைப் பார்க்கவும் அளக்கவும் கேள்வி கேட்கவும் பழகிய பிள்ளை நாளை எந்த நிலத்திலும் கால் ஊன்றும். திரும்பிச் சென்றாலும் அதே கண் உதவும், இங்கே தங்கினாலும் அதே கண் உதவும்.

ஊடுபயிர் போன்ற ஒரு பாடம்

பாடங்களைத் தனித்தனிப் பெட்டிகளாக வைக்காமல் பிள்ளையின் வாழ்க்கையைச் சுற்றிப் பின்ன வேண்டும் என்ற எண்ணம் எமது நாட்டுக்குப் புதிதல்ல. 1930களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. கிராமத்தின் சூழலும் சுகாதாரமும் பயிர்ச்செய்கையுமே அங்கு படிப்பின் அடித்தளம். அயல்நாடான இந்தியாவிலும் 1937இல் வார்தாவில் கூடிய மாநாட்டில், ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து ஏனைய பாடங்களை அதனோடு இணைத்துக் கற்பிக்கும் ஆதாரக் கல்வியை மகாத்மா காந்தி முன்வைத்தார்.

இலங்கையில் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளுக்கு ஒன்றிணைந்த பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. பின்னர் 1997இல் அறிவிக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தம் 1998இல் கம்பஹா மாவட்டத்தில் முதலாம் தரத்தில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டு, 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. தாய்மொழி, கணிதம், சமயம் ஆகியவற்றோடு சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளும் ஆரம்பக் கல்வியின் பிரதான பாடமாயிற்று. விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை என்னும் மூன்று வழிகளில் பிள்ளை கற்க வேண்டும் என்றும் அச்சீர்திருத்தம் கூறியது. முதல் இரு தரங்களில் விளையாட்டு மேலோங்கும். மூன்றாம் நான்காம் தரங்களில் மூன்றும் சமமாக நிற்கும். ஐந்தாம் தரத்தில் மேசைவேலை கூடும்.

இதனை விவசாயிக்கு விளக்குவது இலகு. ஒரே பாத்தியில் இரண்டு மூன்று பயிரை ஊடுபயிராக வைக்கிறோம். ஒரே தண்ணீர், ஒரே பசளை, ஒரே களை எடுப்பு. ஆனால் அறுவடை பலவாகிறது. அதுபோலவே ஒரு பொருளைப் பற்றிய ஒரு விசாரிப்பில் மொழியும் வளரும், கணக்கும் வளரும், அறிவியலும் ஒழுக்கமும் வளரும். ஒவ்வொரு பயிரிலும் என்ன விளைச்சலை எதிர்பார்க்கிறோம் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவைப்பதைத்தான் கல்வியாளர் 'கற்றல் இலக்கு' என்கின்றனர்.

அப்பொருள் மாம்புரியில் எதுவாக இருக்கலாம்? எமது தெரிவு கிணறு.

ஒரு கிணறு, பல பாடம்

தரம் 1, 2. இந்த வயதில் பிள்ளை கையால் தொட்டும் விளையாடியும் கற்கிறது. ஒரு வாளி நிரம்ப எத்தனை சிரட்டைத் தண்ணீர் வேண்டும்? சிறிய சிரட்டையா, பெரிய சிரட்டையா விரைவில் நிரப்பும்? இது கணிதம். கயிறு, வாளி, கப்பி, துலா, கட்டு, பாசி என்று கிணற்றடிச் சொற்களைச் சொல்லிப் பழகுவது மொழி. துலா யாழ்ப்பாணத்துச் சொல். மாம்புரிப் பிள்ளை அதைக் கண்டிருக்காது. அப்பப்பாவிடம் கேட்டு வந்து வகுப்பில் சொல்லட்டும். 'கிணறு' என்பதற்கு அயல்வீட்டுச் சிங்களப் பிள்ளை 'லிந்த' என்கிறது என்று அறிவதும் மொழிக் கல்விதான். குடிக்கும் தண்ணீர் எது, குளிக்கும் தண்ணீர் எது, எதை மூடி வைக்க வேண்டும் என்று பிரித்தறிவது சுகாதாரம்.

இத்தரங்களின் இலக்கை எளிதாகச் சொல்லலாம். தன்னைச் சுற்றியுள்ள பொருள்களைப் பெயரிட்டு, ஒப்பிட்டு, வகைப்படுத்தத் தெரிய வேண்டும்.

தரம் 3, 4. இனி அளவையும் பதிவும். கயிற்றில் முடிச்சிட்டு நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்கலாம். முதலில் முழத்தில், பின்னர் மீற்றரில். ஒவ்வொருவர் முழமும் வேறுவேறாக இருப்பதைக் கண்ட பிள்ளைக்கு, பொது அளவு ஏன் வேண்டும் என்று எவரும் விளக்க வேண்டியதில்லை. கிணற்றடியில் வாழும் தவளை, தும்பி, புல், பூண்டு ஆகியவற்றைப் பட்டியலிடுவது உயிரியல். 'நீங்கள் சிறுவயதில் எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்கள்?' என்று பாட்டியிடம் கேட்டு ஐந்து வசனம் எழுதுவது கட்டுரைப் பயிற்சி. அத்துடன் வரலாறும்கூட.

சமய பாடமும் இங்கே சேர்கிறது. பள்ளிவாசலில் வுழூ செய்யத் தண்ணீர். தேவாலயத்தில் திருமுழுக்குக்குத் தண்ணீர். கோயிலில் தீர்த்தம். விகாரையிலும் பூசைக்குத் தண்ணீர். நீரை வீணடிக்கச் சொல்லும் சமயம் எதுவுமில்லை என்பதைப் பல சமயப் பிள்ளைகள் வாழும் இந்தக் குடாநாட்டில் ஒன்றாக உட்கார்ந்து பேசலாம்.

தரம் 5. மாதம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து அட்டவணையிடலாம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பெய்யும்போது மட்டம் எப்படி உயர்கிறது, யூலை, ஓகஸ்டில் எப்படி இறங்குகிறது என்று சதுரத்தாளில் நிரல் வரைபு வரையலாம். மழைநீரைக் கணக்கிடலாம். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லீற்றர். 6 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் கொண்ட கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால்? 30ஐ 10ஆல் பெருக்க 300 லீற்றர். பெருக்கல் வாய்பாடு தாயின் குடத்தோடு சேர்ந்துவிடும்போது அது மறப்பதில்லை.

ஒரு எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். இவ்வேலைகள் யாவும் கட்டுள்ள கிணற்றில், பெரியவர் ஒருவர் அருகில் நிற்க மட்டுமே நடைபெற வேண்டும். கட்டில்லாத தோட்டக் கிணறுகள் சிறுபிள்ளைகளின் உயிரைக் குடிக்கக்கூடியவை. 'எந்தக் கிணற்றுக்குக் கிட்டப் போகக்கூடாது' என்பதே முதல் பாடமாக இருக்கட்டும்.

கொதிக்க வைத்தும் போகாத ஒன்று

கிணற்றைத் தெரிந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அது பிள்ளைகளின் உடல்நலத்தோடு தொடர்புடையது.

கற்பிட்டி மணல் நீரைப் பிடித்து வைப்பதில்லை, பசளையையும் பிடித்து வைப்பதில்லை. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். அப்படியானால் 50 கிலோ மூடையில் எவ்வளவு? 23 கிலோ. பயிர் அதில் ஒரு பகுதியையே எடுத்துக்கொள்கிறது. மீதியில் பெரும்பகுதி நைத்திரேற்றாக மாறி, நாம் இறைக்கும் தண்ணீரோடும் மழையோடும் மணலுக்குள் இறங்கி, நாம் குடிக்கும் அதே நிலத்தடி நீரில் சேர்கிறது. மலசலகூடக் குழி கிணற்றுக்குக் கிட்ட இருந்தால் அதிலிருந்தும் சேர்கிறது. கற்பிட்டிக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் 1980களிலேயே எடுத்துக் காட்டினர். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. தண்ணீர் பளிங்குபோல் தெரியும். இன்னும் முக்கியமான ஒன்று: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. ஆவியாகித் தண்ணீர் குறையக் குறைய அது இன்னும் செறிவாகும். 'நாங்கள் கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம்' என்று நிம்மதியாக இருக்கும் தாய்மார் இதனைக் கட்டாயம் அறிய வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நைத்திரேற்று மிகுந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து உதடும் தோலும் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. அவ்வயதில் தாய்ப்பாலே மிகப் பாதுகாப்பானது.

உப்பும் இதே போன்றதே. குடாநாட்டின் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லை போன்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி குறையும். பம்பியை வைத்து அளவின்றி இறைத்தால், கீழிருந்து உப்பு ஏறிவரும். இந்தக் கணக்கை ஐந்தாம் தரப் பிள்ளை விளங்கிக்கொள்ளும். விளங்கிக்கொண்ட பிள்ளை பம்பியை நிறுத்தச் சொல்லித் தகப்பனிடம் வந்து நிற்கும்.

வகுப்பில் இதனைக் காட்ட ஆய்வுகூடம் தேவையில்லை. அடிப்பாகம் வெட்டிய இரண்டு பிளாஸ்ரிக் போத்தல்களைத் தலைகீழாக நிறுத்தி, வாயில் துணி கட்டி, ஒன்றில் மாம்புரி மணலையும் மற்றொன்றில் களிமண்ணையும் நிரப்புங்கள். சாயம் கலந்த தண்ணீரைச் சம அளவில் ஊற்றுங்கள். எதில் முதலில் துளி விழுகிறது? எத்தனை நிமிடத்தில்? விழுந்த நீரில் சாயம் எவ்வளவு? மணிக்கூட்டைப் பார்த்து நேரம் எழுதுவது கணிதம். கண்டதை வரிசையாகச் சொல்வது மொழி. காரணம் தேடுவது விஞ்ஞானம். 'அப்படியானால் எங்கள் தோட்டத்தில் ஊற்றும் பசளை எங்கே போகிறது?' என்ற கேள்வி பிள்ளையின் வாயிலிருந்தே வரும்.

அதன்பின் செய்யவேண்டியது, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு வகுப்பே சேர்ந்து ஒரு கடிதம் எழுதுவது. 'எமது பாடசாலைக் கிணற்று நீரைப் பரிசோதித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.' உத்தியோகபூர்வக் கடிதம் எழுதுவது மொழிப் பாடத்தில் வரும் பயிற்சிதானே. கற்பனையான ஒரு முகவரிக்கு எழுதுவதைவிட உண்மையான ஒரு தேவைக்கு எழுதுவது எவ்வளவு மேல்! முடிவு வந்தபின் அதனை வாசித்துப் பெற்றோருக்கு விளக்குவதும் பிள்ளைகளின் பணியாக இருக்கட்டும்.

பரப்பும் பேர்ச்சும்

போத்தல் பரிசோதனைக்குக் களிமண் எங்கே கிடைக்கும்? மன்னார்ப் பக்கம் போய்வரும் ஒருவர் வயல்மண்ணில் ஒரு பை கொண்டுவரலாம். யாழ்ப்பாணம் போய்வருபவர் செம்மண் கொண்டுவரலாம். பெரியவர்கள் சொல்லிச் சொல்லிக் கேட்ட மண் வகுப்பறை மேசையில் வந்து அமரும். மாம்புரி மணலுக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு மண். அதற்கும் ஒரு நிறம், ஒரு மணம், ஒரு குணம். மூத்தவர்களின் நினைவு இவ்வாறு பாடமாகிறது.

அளவைகளிலும் இந்த இரு நிலங்களும் சந்திக்கின்றன. யாழ்ப்பாணத்தார் காணியைப் பரப்பில் சொல்வர். இங்கே பேர்ச்சிலும் ஏக்கரிலும் சொல்கின்றனர். ஒரு பரப்பு 10 பேர்ச். ஓர் ஏக்கர் 160 பேர்ச். அப்படியானால் ஓர் ஏக்கருக்கு எத்தனை பரப்பு? பதினாறு. 'அப்பப்பாவுக்கு ஊரில் 12 பரப்புத் தோட்டம் இருந்தது. அது எத்தனை பேர்ச்? ஏக்கரில் எவ்வளவு?' நூற்றிருபது பேர்ச், முக்கால் ஏக்கர். பின்னத்தைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான கணக்கு எந்த நூலிலும் கிடையாது. இழந்த காணியைப் பற்றிப் பிள்ளையிடம் பேசவும் இது ஒரு வழி. அழுகையோ கோபமோ இல்லாமல், உண்மையான அளவோடு பேசலாம்.

விதைகளும் அவ்வாறே. வீட்டுக்கு ஒரு பிடி விதை கொண்டுவரச் சொல்லி, அது எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, எந்த மாதத்தில் நடுவது என்று எழுதி ஒட்டினால், ஒரே சுவரில் பல ஊர்களின் கதை தெரியும்.

காற்றும் கணக்கும்

மாம்புரியில் பிள்ளைகள் தலைநிமிர்ந்து பார்க்கும் இன்னொரு பொருளும் உண்டு. 2010ஆம் ஆண்டு முதல் இங்கே காற்றாலைகள் மின்சாரம் தருகின்றன. முதலில் நிறுவப்பட்ட எட்டு ஆலைகள், ஒவ்வொன்றும் 1.25 மெகாவாற்று. எட்டுத்தரம் ஒன்றேகால் எவ்வளவு என்று கேட்டால் விடை பத்து. பக்கத்தில் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம், 300 மெகாவாற்று வீதம் மூன்று பிரிவுகள். முதலாவது 2011இலும் கடைசி 2014இலும் இயங்கத் தொடங்கின. மொத்தம் 900 மெகாவாற்று.

ஒன்று காற்றில் ஓடுகிறது, மற்றது கப்பலில் வரும் நிலக்கரியில் ஓடுகிறது. ஆனால் காற்றுக்கு இரண்டும் கட்டுப்பட்டவை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்றாலை நன்றாகச் சுழலும். அதே மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் நிலக்கரி இறக்க முடியாது, முன்கூட்டியே இறக்கிச் சேமித்து வைக்க வேண்டும். சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்று எமது மூத்தவர்கள் காற்றுக்குப் பெயரிட்டு வைத்திருக்கின்றனர். எந்தக் காற்று எத்திசையிலிருந்து, எந்த மாதத்தில் வருகிறது என்று கடற்றொழிலாளி ஒருவரை வகுப்புக்கு அழைத்துக் கேட்கலாம். ஈர்க்கில் கொடி ஒன்று செய்து தினமும் திசையைக் குறிக்கலாம்.

காற்று சுமந்துவருவதையும் பார்க்க வேண்டும். மின்நிலையத்தின் நிலக்கரித்தூசு, சாம்பல் பற்றி அயற்கிராம மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்திருக்கின்றனர். பிள்ளைகள் வெள்ளைத் துணியால் இலைகளைத் துடைத்து, இடத்தையும் திகதியையும் காற்றின் திசையையும் குறித்து வைக்கட்டும். முறைப்பாட்டுக்கு அளவும் பதிவும் சேரும்போது அது வலுப்பெறும். உணர்ச்சியையும் சான்றையும் பிரித்தறியும் பழக்கம் பத்து வயதிலேயே தொடங்கலாம்.

'விளையாடினால் புலமைப்பரிசில் கிடைக்குமா?'

பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி இது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை என்னும் மலை முன்னே நிற்கும்போது கிணற்றைச் சுற்றித் திரிவது காலவிரயமாகவே தோன்றும். டியூசன் வகுப்புக்குப் பணம் கட்டிய தகப்பனுக்கு இந்த ஐயம் இன்னும் கூடுதலாக இருக்கும்.

நாம் சொல்வது இதுதான். அந்தப் பரீட்சை மொழியையும் கணிதத்தையும் சுற்றாடலையும் சேர்த்தே சோதிக்கிறது. சிரட்டையால் அளந்த பிள்ளைக்குக் கொள்ளளவு விளங்கும். நிரல் வரைபைத் தானே வரைந்த பிள்ளை அச்சிட்ட வரைபைக் கண்டு திகைக்காது. மனனம் செய்தது பரீட்சையோடு போய்விடும், கையால் செய்தது நிலைத்திருக்கும். பரீட்சையில் சித்தியடையாத பிள்ளைகளே எப்போதும் பெரும்பான்மை. அவர்களுக்கும் வாழ்க்கைக்கு உதவும் ஏதாவது ஒன்றைப் பாடசாலை கொடுத்தனுப்ப வேண்டாமா?

வேறு இரண்டு தடைகளையும் மறைக்க முடியாது. ஒன்று, வெங்காய அறுவடை நாள்களில் பிள்ளைகள் வகுப்புக்கு வராமல் தோட்டத்துக்குப் போவது. வறுமையே இதற்குக் காரணம், வாயால் கண்டித்துப் பயனில்லை. ஆனால் அந்த வாரத்தில் வெங்காயத்தையே பாடமாக்கலாம். மூடையின் நிறை, கிலோ விலை, கூலி, இலாப நட்டம் ஆகியவற்றைக் கணக்கிட ஆசிரியர் முன்வந்தால், 'இன்றைக்கு உன் கணக்குத்தான் நடக்கிறது' என்று பிள்ளையை வகுப்புக்கு இழுக்கலாம். மருந்தடிக்கும் நாளில் எக்காரணம் கொண்டும் பிள்ளை தோட்டத்தில் நிற்கக்கூடாது என்பதைப் பெற்றோரும் ஏற்க வேண்டும்.

மற்றது, தூர இடங்களிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஆசிரியர்களுக்கு இந்த மண் பழக்கமில்லாதிருப்பது. இது அவர்களின் குறையல்ல. இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள் நீங்களே. பயிற்சிப் பட்டறைகளில் வெளியிலிருந்து வந்து விளக்குபவரை 'வளவாளர்' என்கிறோம். மணலில் முப்பது வருடம் வெங்காயம் வைத்த ஒருவர் வளவாளர் இல்லையென்றால் வேறு யார்? அவர் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம். கேள்வி கேட்பதும் எழுதிக்கொள்வதும் பிள்ளைகளின் வேலை. தன் தகப்பன் வகுப்பின் முன்னே நின்று பேசுவதைக் காணும் பிள்ளைக்குக் கிடைக்கும் நிமிர்வை எந்தப் புத்தகமும் கொடுக்காது. 'அகதிப் பிள்ளை' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த பரம்பரைக்கு அந்த நிமிர்வு மிகத் தேவை.

பெற்றோர் செய்யக்கூடியவை

1. 'இன்று என்ன எழுதினாய்?' என்று மட்டும் கேளாமல் 'இன்று என்ன பார்த்தாய், எதை அளந்தாய்?' என்றும் கேளுங்கள்.

2. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தைப் பிள்ளையோடு சேர்ந்து அளந்து, கலண்டரில் எழுதுங்கள்.

3. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலான தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். 50 அடிக்குக் குறையக்கூடாது. மணல் நிலத்தில் இன்னும் கூடுதலாக இருப்பது நல்லது.

4. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் சிறிது சிறிதாகப் பிரித்துப் போடுங்கள். எரு, கூட்டெரு, இலைதழை மணலுக்குப் பிடிமானம் தரும். பிள்ளையின் பாத்தியில் ஒருபுறம் கூட்டெருவும் மறுபுறம் வெறும் மணலும் வைத்து வித்தியாசத்தைக் காட்டுங்கள்.

5. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கட்டடம், வேலி பற்றி மட்டும் பேசாமல், தவணைக்கு ஒரு நாள் 'ஊர் வளவாளர் நாள்' வைக்கும்படி கேளுங்கள்.

6. விட்டுவந்த ஊரின் கதையைச் சொல்லுங்கள். ஆனால் அங்கிருந்த கிணற்றின் ஆழம், மண்ணின் நிறம், நட்ட மாதம், விளைந்த மூடை என்று விவரமாகச் சொல்லுங்கள். பிள்ளை அதை எழுதி வைக்கட்டும். நாளைக்கு அது ஒரு ஆவணம்.

காணி உறுதி சிலரிடம் உண்டு, சிலரிடம் இல்லை. ஆனால் ஒரு நிலத்தின் தண்ணீர், மண், காற்று மூன்றையும் அறிந்தவனிடமிருந்து அந்த அறிவை எவரும் பறித்துச் செல்ல முடியாது. 1990இல் வீடு, வயல், நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் கையோடு கொண்டுவந்தது தங்கள் வேளாண்மை அறிவை மட்டுமே. அதைக் கொண்டுதான் இந்த மணலில் தளிர் கண்டார்கள். அடுத்த பரம்பரைக்கு அதைக் கைமாற்றிக் கொடுக்கும் இடமாக ஆரம்பப் பாடசாலை அமையட்டும்.

குழுக்களில் கலந்துரையாடச் சில வினாக்கள்

1. உங்கள் பிள்ளைக்கு 'எமது ஊர்' எது? வீட்டில் அதைப் பற்றி எப்படிப் பேசுகிறீர்கள்?

2. உங்கள் குடிநீர்க் கிணறு கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது? முடிவை யார் அறிவார்?

3. பிள்ளைகளுக்குக் கற்பிக்கக்கூடிய எந்த அறிவு உங்கள் கிராமத்தில் எவரிடம் உண்டு? ஐந்து பேரின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

4. அறுவடைக் காலத்தில் பிள்ளைகளின் வரவு குறையாமலிருக்கப் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து என்ன ஏற்பாடு செய்யலாம்?

5. அடுத்த தவணையில் உங்கள் பாடசாலையில் கிணறு, மண், காற்று, விதை ஆகிய நான்கில் எதனைப் பாடமாக்கத் தொடங்கலாம்? அதற்கு யார் பொறுப்பேற்பார்?